அபராதமும் கழுவாயும்



"அபராதம்" என்னும் சொல் காலப்போக்கில் அடைந்துள்ள மாற்றம் சிந்தனைக்கு உரியது. வடமொழியில் அச்சொல்லுக்குக் குற்றம், பிழை என்பதே பொருள். நம் முன்னோர் பெரியோர் முன்னிலையில் நின்று தம் அபராதத்தைப் பொறுத்தருள வேண்டியபோது, தாம் செய்த பிழையையே குறித்தனர். இன்று அச்சொல்லைக் கேட்டதும் நம் மனம் பிழையை நினைப்பதில்லை, பணத்தை நினைக்கிறது. "எவ்வளவு அபராதம்?" என்றே கேட்கிறோம். குற்றத்தின் பெயர் குற்றத்தின் விலைக்குப் பெயராகிவிட்டது.

சொல் மாறியது போலவே நம் உள்ளமும் மாறிவிட்டதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. சாலையில் ஒரு விதியை மீறுகிறோம், காவலர் தண்டத் தொகை விதிக்கிறார், அதைக் கட்டுகிறோம், ரசீது கைக்கு வருகிறது. அத்துடன் பிழை தீர்ந்ததா? அணுவிரதங்களை ஏற்றொழுகும் சாவகனுக்கு அந்த ரசீது எதற்குச் சான்று?

நம் சாலைகளும் சட்டமும்

திருவண்ணாமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. செங்கம், போளூர், வேட்டவலம், திண்டிவனம், தண்டராம்பட்டு ஆகிய ஊர்களின் சாலைகள் எல்லாம் இந்நகரில் வந்து கூடுகின்றன. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலையே ஆகும். முழுநிலவு இரவுகளில் இலட்சக்கணக்கான மக்கள் அவ்வழியே நடக்கின்றனர். அவர்களுள் வெறுங்காலுடன் நடப்போர் பலர். அந்நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் காவல்துறையினர் ஊர்திகளுக்கு மாற்றுவழிகளை வகுக்கின்றனர். மற்ற நாட்களில் நடப்போரும், மாட்டுவண்டியும், கரும்பு ஏற்றிய டிராக்டரும், வெளிமாநிலக் கார்களும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரு வார இடைவெளிக்குள் செங்கம் அருகே நிகழ்ந்த இரண்டு விபத்துகளில், ஒவ்வொன்றிலும் எழுவர் உயிரிழந்தனர். பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் குடும்பத்துடன் வழிபடச் செல்லும் நாமும் இத்தகைய சாலைகளிலேயே செல்கிறோம்.

சாலையில் செல்வோரை நெறிப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நம் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டத் தொகைகள் பன்மடங்கு உயர்ந்தன. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் அணியாவிடில் 1,000 ரூபாய்; ஓட்டுநர் உரிமம் இன்றி ஓட்டினால் 5,000 ரூபாய்; காப்பீடு இல்லாத வண்டிக்கு முதன்முறை 2,000 ரூபாய்; அவசர ஊர்திக்கு வழிவிடாதவர்க்கு 10,000 ரூபாய். பல குற்றங்களை நீதிமன்றம் செல்லாமலே தொகை கட்டி முடித்துக்கொள்ள அச்சட்டத்தின் 200ஆம் பிரிவு இடந்தருகிறது. சட்டம் கேட்பது அவ்வளவே. கட்டியவரைச் சட்டம் மேலும் துரத்துவதில்லை.

குற்றம் எங்கே இருக்கிறது?

"இது அரசு வகுத்த விதி, அறநூல் வகுத்த விதி அன்று. சிவப்பு விளக்கைக் கடந்தால் யாருக்கு என்ன தீங்கு? ஒருவர்மீதும் மோதவில்லையே" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு நம் ஆசாரியர்கள் தெளிவான விடை தந்துள்ளனர்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி கொலைக்கு இலக்கணம் கூறும்போது, உயிருக்கு ஊறு செய்தல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தின் வயப்பட்ட மன, மொழி, மெய்களால் ஊறு செய்தல் என்று காரணத்தையும் சேர்த்தே கூறினார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, அக்கறையற்ற சோர்வு. குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி செல்கிறார். எதிரே உள்ள உயிர் மடிந்தாலும் பிழைத்தாலும், விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி. விழிப்புடன் சமிதி காத்து ஒழுகுபவனுக்கு, ஓர் உயிர் எதிர்பாராது மடிந்தாலும் அம்மட்டில் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்து.

இதனைச் சாலையில் பொருத்திப் பாருங்கள். மது அருந்திவிட்டுப் போளூரிலிருந்து திருவண்ணாமலை வரை ஓட்டி, எவர்மீதும் மோதாமல் வீடு சேர்ந்தவன் குற்றமற்றவன் அல்லன். அவன் வழியில் நடந்தவர்கள் பிழைத்தது அவர்களது நல்வினை. அவனது நல்லொழுக்கம் அன்று. மாறாக, உரிய வேகத்தில் உரிய பக்கத்தில் கவனத்துடன் சென்றவர் முன் திடீரென ஒரு குழந்தை ஓடிவந்து அடிபட்டால், அவர் வாழ்நாள் முழுவதும் தம்மைக் கொலையாளி என்று எண்ணி நைந்துபோக வேண்டியதில்லை. துயரம் உண்டு, உதவும் கடமை உண்டு, கொலைப்பாவம் என்று அறநூல் அவரைச் சாடவில்லை. மோதல் நிகழ்ந்ததா என்பதைக் கொண்டே நாம் பெரும்பாலும் மனிதரை எடைபோடுகிறோம். அறநூல் விழிப்பு இருந்ததா என்று நோக்குகிறது. மோதல் இல்லாதபோதும் வேகத்துக்கும் மதுவுக்கும் தண்டம் விதிக்கும் சட்டம், இந்த இடத்தில் நம் ஆகமத்தை ஒட்டியே நிற்கிறது.

முனிவர்கள் நடக்கும்போது நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி அடியெடுத்து வைப்பதை ஈரியா சமிதி என்கிறோம். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், புகாரிலிருந்து மதுரை நோக்கிப் புறப்பட்ட கோவலனிடம் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கிறார். வயல்வழியே சென்றால், நீர்க்கரையில் ஊரும் நண்டும் நத்தையும் நாம் அறியாமலே நம் காலடியில் பட்டு நோகுமே என்று அவர் கலங்குகிறார். காலால் நடப்பவர்க்கே இத்தகைய அச்சம் வேண்டும் என்றால், இயந்திரத்தின்மேல் அமர்ந்து விரைபவர்க்கு எவ்வளவு அச்சம் வேண்டும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. கைப்பேசியை இரண்டு நொடி நோக்கினால், முப்பது மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். வேக வரம்பும், சிக்னல் விளக்கும், இரவில் எரிய வேண்டிய பின்விளக்கும் இல்லறத்தார்க்குரிய ஈரியா சமிதி எனக் கொள்ளத் தக்கவை. நீரை வடிகட்டிப் பருகியும், பொழுது சாயுமுன் உண்டும் சிற்றுயிர்களைக் காக்கும் நாம், பின்விளக்கு இல்லாத டிரெய்லரை இருளில் சாலைக்குக் கொண்டுவருவது எங்ஙனம் பொருந்தும்?

தலைக்கவசம் பற்றியும் ஒரு சொல். "என் தலை, அணிவதும் அணியாததும் என் விருப்பம்" என்பார் உளர். தன் உயிரும் உயிரே. கொல்லாமை பிற உயிர்களுக்கு மட்டும் உரியது என்று எந்த ஆசாரியரும் வரையறுக்கவில்லை. அறம் செய்வதற்குக் கிடைத்த அரிய மானிட உடலைச் சோம்பலால் இழப்பது பெருமையாகாது.

விரதங்களின் அதிசாரங்கள்

தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் சில இன்றைய சாலையை நினைவூட்டுவன. கொல்லாமையின் அதிசாரங்களுள் ஒன்று, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல். அன்று எருதின் முதுகைக் கருதிச் சொன்னது அது. இன்று சரக்கு வண்டியில் இருபது பேரை நிற்கவைத்துத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும்போது, அப்பாரம் மனித உயிர்களாகவே இருக்கிறது. பொய்யாமையின் அதிசாரங்களுள் ஒன்று, பொய்யாவணம் புனைதல். காலம் கடந்த காப்பீட்டுத் தாளில் தேதியைத் திருத்துவது அதுவன்றி வேறென்ன?

கள்ளாமையின் அதிசாரங்களுள் விருத்த ராஜ்யாதிக்கிரமம் என்பது ஒன்று. உரையாசிரியர்கள் இதனை வாணிகத்தை ஒட்டி, முறையான வழிக்குப் புறம்பாகக் கொள்வதும் கொடுப்பதும் என விளக்கினர். அரசின் நெறியைக் கடந்து ஆதாயம் தேடுதல் என்னும் அதன் உட்கருத்து சாலைக்கும் பொருந்தும். ஒருவழிப் பாதையில் எதிர்த்துச் செல்பவன் மற்றவர்களின் நேரத்தையும் பாதுகாப்பையும் கவர்ந்தே தன் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்துகிறான். காப்பீடு இன்றி ஓட்டுபவன் சில ஆயிரம் ரூபாயைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறான். அவனால் அடிபட்ட ஏழைக் குடும்பமோ இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறது. பிறர்க்கு உரியதைத் தான் எடுத்துக்கொள்வதே களவு எனில், இவையும் களவின் சாயல் உடையவையே.

பிடிபட்ட பின் நான்கு வழிகள்

விதியை மீறிப் பிடிபட்டவர்முன் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, உண்மையை ஏற்று முறைப்படி கட்டுதல். இது நேர்வழி. கட்டும்போது காவலரைக் கடிந்துகொள்வதும், வீட்டுக்கு வந்து அவரை ஏசுவதும் அதன் பயனைக் குறைக்கும். கோபமும் ஒரு கஷாயமே.

இரண்டாவது, ரசீது இல்லாமல் பாதித் தொகையைக் கையில் கொடுத்து நழுவுதல். அல்லது செல்வாக்குள்ள ஒருவரை அலைபேசியில் அழைத்துப் பேசச் செய்தல். நம்மில் பலர் இதனைச் சாமர்த்தியம் என்கின்றனர். ஒரு சிறு பிழை இங்கே மூன்றாகப் பெருகுவதைக் காணுங்கள். விழிப்பின்மை முதலில், அரசுக்கு உரிய பணத்தை மறைத்தது அடுத்து, ஓர் அலுவலரைத் தவறுக்குத் தூண்டியது மூன்றாவது. ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், கையூட்டுக் கொடுப்பவரும் குற்றவாளியே. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அமைப்பிடம் தெரிவித்தால் மட்டுமே விலக்கு உண்டு. செய்வித்தலும் செய்தலே, உடன்படுதலும் செய்தலே என்னும் நம் கொள்கையை, இந்த ஒன்றிலேனும், சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

மூன்றாவது, பொய் கூறுதல். மகன் ஓட்டிய வண்டியைத் தந்தை ஓட்டியதாகக் கூறுவதும், முதலாளி ஓட்டியதை ஓட்டுநர் தலையில் சுமத்துவதும் நடக்கின்றன. இது பிறர் உயிர் தொடர்பான வழக்காயின் மிகக் கொடிது. சம்பளத்துக்கு அஞ்சி வாய்மூடும் ஏழை ஓட்டுநரின் கண்ணீர், பொய் கூறியவரின் வினைக்கணக்கில் சேராதிருக்குமா?

நான்காவது, குற்றம் செய்யாதவர் வழக்கை எதிர்த்தல். இப்பொழுது கேமராக்கள் எடுக்கும் படத்தைக் கொண்டு இ-செலான் கைப்பேசிக்கு வருகிறது. எண் பலகையைத் தவறாகப் படித்ததால், ஊரைவிட்டு நகராத வண்டிக்கும் அபராதம் வரக்கூடும். "ஐந்நூறு ரூபாய்க்காக யார் அலைவது" என்று பலர் கட்டிவிடுகின்றனர். நேரமின்றிக் கட்டியவரைப் பாவி என்று கூறுவது மிகையாகும். அவர் இழப்பைத் தாமே ஏற்றார். எனினும் செய்யாததைச் செய்ததாக ஒப்புவது வாய்மையாகாது. எதிர்த்து முறையிடுபவர் தமக்கு மட்டுமன்றி, அடுத்துத் தவறாகச் சிக்க இருப்பவர்க்கும் உதவுகிறார். பணிவு என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அன்று. விதியைக் காப்பவரும் விதிக்கு உட்பட்டவரே; சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலர் அச்சட்டத்தையே மீறினால் இருமடங்கு தண்டம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

இவற்றோடு இன்னொரு மனநிலையையும் குறிப்பிட வேண்டும். 2023 பிப்ரவரியில் கருநாடக அரசு நிலுவையிலிருந்த போக்குவரத்து அபராதங்களைப் பாதித் தொகை கட்டித் தீர்க்கலாம் என்று அறிவித்தபோது, பெங்களூருவில் மக்கள் திரண்டு வந்து கட்டினர். அரசே தந்த சலுகையைப் பெறுவதில் குற்றம் இல்லை. ஆனால் என்றேனும் சலுகை வரும் என்று வேண்டுமென்றே நிலுவை வைப்பவர், பிழையையும் வாணிகச் சரக்காக்கிவிட்டார்.

தொகையின் குறைபாடு

தண்டத் தொகையால் மட்டும் பிழை தீராது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆயிரம் ரூபாய் என்பது வயலில் கூலிவேலை செய்பவரின் ஒரு நாள் ஊதியத்துக்கும் மேற்பட்டது. அந்த வாரம் அவர் வீட்டு அடுப்பையே அது தொடும். செல்வர்க்கோ அது ஓர் உணவகச் செலவு. ஒரே பிழைக்கு ஒருவர் வருந்துகிறார். மற்றொருவர் கட்டணம் செலுத்தி மீறும் உரிமையை வாங்கிவிடுகிறார். பின்லாந்து நாட்டில் வேகக் குற்றத்துக்கு வருமானத்தை ஒட்டித் தண்டம் விதிப்பர். 2002இல் அங்கே கைப்பேசி நிறுவன உயர் அலுவலர் ஒருவர் 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 75 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதற்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. பின்னர் அது மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அம்முறையும் பணத்தின் அளவைத்தான் மாற்றுகிறது. உள்ளத்தை அளக்க அதற்கும் கருவி இல்லை. செல்வரும் ஏழையும் சமமாகச் செய்யக்கூடியது கழுவாய் ஒன்றே.

பிள்ளைகளும் பிறர் உயிரும்

பெற்றோர்க்கு ஒன்று கூற வேண்டும். நம் சாவகர்கள் போற்றும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பிலும் அநர்த்ததண்ட விரதம் விளக்கப்படுகிறது. பயனின்றித் தீங்கு விளைக்கும் செயல்களுள், கோடரி, வாள், நெருப்பு முதலிய ஊறு செய்யும் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் இம்சாதானம் எனப்படும். பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைத் தருவதும் இம்சாதானமே. "பள்ளிக்கூடம் தொலைவு, என்ன செய்வது" என்று தந்தை கூறலாம். அக்கவலை மெய்யானது. ஆயினும் அதற்கு மிதிவண்டியும் பேருந்தும் விடையாகலாம், சாவி விடையாகாது. உரிய வயது வராதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்துள்ளது. பிள்ளை செய்த பிழைக்கு வேர் வீட்டில் இருக்கிறது என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது.

உயிரிழப்பு நேர்ந்துவிட்டால், தொகையைப் பற்றிய பேச்சே முடிந்துவிடுகிறது. கவனமின்மையால் ஓர் உயிரைப் போக்குபவர்க்கு, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அந்த அச்சத்தாலும், கூடிய கூட்டத்தின் சினத்துக்கு அஞ்சியும் பலர் வண்டியை நிறுத்தாமல் ஓடிவிடுகின்றனர். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று சட்டம் கூறுகிறது. கூட்டத்தின் தாக்குதலுக்கு அஞ்சி நிற்க இயலாதவரும் 108க்கு அழைக்கலாம். நேரே காவல் நிலையம் செல்லலாம். மோதியது பிரமாதமாக இருக்கலாம். துடிப்பவரை விட்டு ஓடியது பிரமாதம் அன்று. அது அறிந்தே செய்த கொடுமை. வழியில் வருவோரும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்டம் 134ஏ பிரிவின் மூலம் காக்கிறது. விருப்பமின்றேல் அவர் தம் பெயரையும் கூற வேண்டியதில்லை. அபயதானம் நான்கு தானங்களுள் ஒன்று. அதனைச் செய்யும் வாய்ப்பு சாலையோரத்திலும் கிட்டலாம்.

கழுவாய்

பிராயச்சித்தம் ஒன்பது வகை என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும். துறவியர்க்கு விதிக்கப்பட்டவை எனினும், அவற்றுள் ஆலோசனை, பிரதிக்கிரமணம், விவேகம் ஆகிய மூன்றும் இல்லறத்தாரும் பின்பற்றத் தக்கவை. ஆலோசனை என்பது பிழையை மறைக்காது எடுத்துரைத்தல். தண்டத் தொகை கட்டிய அன்று மாலை வீட்டாரிடம் "காவலர் பிடித்துவிட்டார்" என்று கூறுவதற்குப் பதிலாக, "நான் விதியை மீறினேன்" என்று கூறலாம். இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தொலைவு பெரிது. பிரதிக்கிரமணம் என்பது அப்பிழைக்கு வருந்தி மீளுதல். நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணத்தில் நடையில் நேர்ந்த பிழைகளை நினைக்கும்போது, வண்டியில் நேர்ந்தவற்றையும் சேர்த்து நினைப்போம். விவேகம் என்பது பிழைக்குக் காரணமானதைப் பிரித்து விலக்குதல். கைப்பேசி காரணமாயின், வண்டியில் ஏறுமுன் அதனைப் பையினுள் வைத்தல். அவசரம் காரணமாயின், கால்மணி நேரம் முன்னதாகப் புறப்படுதல். இதற்குச் செலவு இல்லை, பயனோ பெரிது.

நம் மாவட்டத்துப் பொன்னூர் மலையில் தவம் புரிந்தார் என மரபு போற்றும் குந்தகுந்த ஆசாரியர், சமயசாரத்தில் அபராதத்தைப் பற்றியே பேசுகிறார். களவு முதலிய குற்றம் செய்தவன், எவரேனும் தன்னைப் பிடித்துக் கட்டுவரோ என்று ஐயுற்றே மக்களிடையே திரிகிறான். குற்றம் செய்யாதவன் நாட்டில் அச்சமின்றி நடக்கிறான் என்பது அவர் காட்டும் உவமை. ஆன்மா தன் நிலையிலிருந்து வழுவி நிற்பதே அபராதம் என்று அவர் அச்சொல்லுக்கு உட்பொருளும் காட்டுகிறார். நாற்சந்தியில் காவலரைக் கண்டதும் வண்டியைச் சந்துக்குள் திருப்புபவரைப் பார்க்கும்போது, அவ்வுவமை எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். அவர் இன்னும் ஒரு ரூபாயும் கட்டவில்லை. ஆயினும் அச்சமாகிய தண்டத்தை நாள்தோறும் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே ரசீது எதற்குச் சான்று என்னும் வினாவுக்கு விடை இதுவே. அரசுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்தது என்பதற்கு அது சான்று. விழிப்பு மீண்டதற்குச் சான்று, அடுத்த நாள் நாம் அதே சாலையில் செல்லும் விதமே. காவலர் நின்றாலும் நில்லாவிட்டாலும், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விதமாகச் செல்பவர்க்கு அச்சம் இல்லை. நடையிலும் ஊர்தியிலும் விழிப்புடன் ஒழுகி, எதிரே வரும் எல்லா உயிர்களுக்கும் நம்மால் அச்சம் நேராவண்ணம் வாழ்வோமாக.